ஒரே மரம், ஆறு வாரம்: பெருநகரக் குடும்பங்களுக்கு ஓர் இலையுதிர்கால வார இறுதிச் செய்முறை

பெருநகரத்தில் இலையுதிர்கால வார இறுதி என்றாலே, சனிக்கிழமைதோறும் புதிய இடம் ஒன்றைத் தேடி, கூட்டத்தில் நின்று, களைத்துத் திரும்புவது என்று பல குடும்பங்களுக்குப் பழகிவிட்டது. அப்படி ஆறு இடங்களுக்குப் போவதைவிட, வீட்டுக்கு அருகிலுள்ள ஒரே மரத்தை ஆறு வாரம் தொடர்ந்து போய்ப் பார்ப்பதில் குழந்தைகளுக்குக் கிடைப்பது அதிகம் என்பது என் கருத்து. இடம் மாறாமல் இருக்கும்போதுதான் காலம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். இதற்கு முன் எந்த மரத்தையும் பெயர் சொல்லி அறிந்திராதவர்களும் தொடங்கக்கூடிய வகையில் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: தொடங்கும் வாரத்தை முடிவு செய்யுங்கள்

வட அரைக்கோளத்தில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் செப்டம்பர் 22 அல்லது 23-ஐ ஒட்டியும், தென் அரைக்கோளத்தில் மார்ச் 20 அல்லது 21-ஐ ஒட்டியும் இலையுதிர்காலம் தொடங்குவதாக வானியல் கணக்கு கூறுகிறது. ஆனால் மரங்கள் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகல் வெப்பத்தைத் தேக்கி வைத்து இரவில் வெளியிடுவதால், நகரத்துக்குள் குளிர் தாமதமாகத்தான் வருகிறது. சுற்றியுள்ள மலைப்பகுதிகளில் இலைகள் நிறம் மாறி முடிந்த பிறகும் நகரத்து மரங்கள் பச்சையாகவே நிற்பது உண்டு. ஆகவே செய்திகளில் வரும் மலைப்பகுதி முன்னறிவிப்புகளை நம்பி அவசரப்படாமல், உங்கள் தெருவில் முதல் சில இலைகள் மஞ்சளிக்கும் வாரத்தை முதல் வாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் இப்போதே முடிவு செய்வது நல்லது. 40 பாகை அட்சரேகையை ஒட்டிய நகரங்களில் இப்பருவத்தில் பகல்பொழுது நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் குறைகிறது. ஒரு வாரத்தில் அது கால் மணி நேரத்துக்கும் மேல். போதாக்குறைக்கு, ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும், அமெரிக்காவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். முதல் வாரம் வெயிலில் நின்று பார்த்த மாலை ஐந்து மணி ஆறாம் வாரம் இருட்டிவிடும் என்பதால், காலை பத்து மணி போன்ற ஒரு நேரமே எல்லா வாரத்துக்கும் பொருந்தும்.

படி 2: மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தச் செய்முறையில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். அவசரப்பட்டுத் தேர்ந்தெடுத்தால் மூன்றாம் வாரத்திலேயே சலிப்பு வந்துவிடும். வீட்டிலிருந்து கால் மணி நேர நடைத் தொலைவில், வாகனப் போக்குவரத்து இல்லாத பக்கத்தில், குழந்தையின் கண் உயரத்துக்கு ஒரு கிளையேனும் தாழ்ந்திருக்கும் மரமாக இருக்க வேண்டும். ஊசியிலை மரங்களும் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் மரங்களும் இதற்குப் பயன்படா.

பெருநகரப் பூங்காக்களில் பரவலாகக் காணப்படுபவற்றுள் மேப்பிள், ஸ்வீட்கம், பிளேன் ஆகிய மூன்றின் இலைகளும் கையை விரித்தது போன்ற வடிவில் இருப்பதால் புதியவர்கள் குழம்பிப்போவார்கள். இலையை விட்டுவிட்டுக் கிளையைப் பாருங்கள். இலைகள் நேருக்கு நேர் இணையாகப் பிறந்திருந்தால் அது மேப்பிள். மாறி மாறிப் பிறந்திருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அவற்றிலும் இலை நட்சத்திரம் போலக் கூர்மையாக இருந்து, அடியில் முள்முள்ளான உருண்டைக் காய்கள் கிடந்தால் ஸ்வீட்கம். அடிமரப்பட்டை திட்டுத் திட்டாக உரிந்து, சாம்பலும் வெளிர்மஞ்சளுமாகத் தெரிந்தால் பிளேன்.

விசிறி வடிவ இலையுள்ள ஜிங்கோவும் நல்ல தேர்வே. பொன்மஞ்சளாக மாறி, கடுங்குளிர் விழுந்த ஒரே நாளில் ஏறத்தாழ எல்லா இலைகளையும் உதிர்த்துவிடும் வழக்கம் அதற்கு உண்டு. ஆனால் பெண் மரத்தின் அடியில் விழும் விதைகளின் சதைப்பகுதி கெட்டுப்போன வெண்ணெய் போல நாறும், தோலிலும் அரிப்பை உண்டாக்கும். ஓக் மரத்தை முதல் ஆண்டில் தவிர்ப்பது நல்லது; பல ஓக் மரங்கள், குறிப்பாக இளையவை, காய்ந்த இலைகளைக் குளிர்காலம் முழுவதும் உதிர்க்காமல் பிடித்துக்கொண்டு நிற்கும், குழந்தைகளுக்கோ அவ்வளவு பொறுமை இருக்காது.

இயன்றால், அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தைத் தெருவிளக்கின் அருகில் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் வெளிச்சம் படும் கிளைகள் பல நேரங்களில் மற்றவற்றைவிட நீண்ட நாள் இலைகளை வைத்திருக்கும். நகரத்தில் மட்டுமே பார்க்கக் கிடைக்கும் காட்சி இது.

படி 3: பையைத் தயார் செய்யுங்கள்

கோடு போடாத ஒரு குறிப்பேடு, பென்சில், மெழுகு வண்ணக்குச்சிகள், அளவு நாடா, நூல்கண்டிலிருந்து வெட்டிய ஒரு முழக் கம்பளி நூல், இலைகளை நசுங்காமல் கொண்டுவர ஒரு பழைய வார இதழ் ஆகியவை போதும். பேனா வேண்டாம், ஈரத்தாளில் மை பரவிவிடும். தடித்த ஒற்றை மேலாடையைவிட, கழற்றிப் போடக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய ஆடைகளே இந்தப் பருவத்துக்கு ஏற்றவை.

படி 4: முதல் வாரம், மரத்தோடு அறிமுகம்

மரத்திலிருந்து இருபது அடி தள்ளி, எளிதில் நினைவில் நிற்கும் ஓர் இடத்தில், அதாவது ஒரு இருக்கையின் மூலையிலோ விளக்குக் கம்பத்தின் அடியிலோ நின்று ஒரு படம் எடுங்கள். ஆறு வாரமும் அதே இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். பிறகு குழந்தையின் நெஞ்சு உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளந்து குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, தாழ்ந்த கிளை ஒன்றில் பத்து இலைகள் உள்ள சிறு கொம்பைத் தேர்ந்தெடுத்து, கம்பளி நூலை இறுக்காமல் அதில் அடையாளமாகக் கட்டுங்கள். பூங்கா விதிகள் அதற்கு இடந்தராவிட்டால் கிளையைப் படம் வரைந்து வைத்துக்கொள்ளலாம். இனி வாரந்தோறும் அந்தப் பத்தில் எத்தனை இலை, எத்தனை பழுப்பு, எத்தனை விழுந்துவிட்டன என்று எண்ணி எழுதுவதே குழந்தையின் முதன்மை வேலை. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஒரே இலைக்கு அதன் பருவந்தோறும் தனிப்பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. கனியைப் போல இலையும் பழுக்கிறது என்று நாம் சொல்வதைக் குழந்தைகள் மிகவும் விரும்புவார்கள்; குறிப்பேட்டின் தலைப்புகளாக இந்தச் சொற்களையே எழுதலாம்.

படி 5: இரண்டாம், மூன்றாம் வாரங்களில் 'ஏன்' என்ற கேள்விக்குத் தயாராகுங்கள்

நிறம் மாறத் தொடங்கியதும் கேள்வி வந்தே தீரும். பகல் குறைந்து குளிர் கூடும்போது, மரம் இலையிலுள்ள பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுகிறது. இருக்கும் பச்சையம் சிதைய, அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் வெளியே தெரிகின்றன. மஞ்சள் புதிதாக வந்ததன்று, கோடையிலும் அங்கேயே இருந்தது என்பதுதான் குழந்தைகளை வியக்க வைக்கும் செய்தி. சிவப்பின் கதை வேறு: ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமியைப் பல மரங்கள் இலையுதிர்காலத்தில்தான் புதிதாக உருவாக்குகின்றன. வெயிலடிக்கும் பகலும், உறைபனி இல்லாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு நன்றாக ஏறும்; மேகமூட்டமும் மழையுமாக இருந்தால் மங்கலாகவே முடிந்துவிடும்.

இதனிடையே, காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய பிரிபடலம் உருவாகி, இலைக்கும் கிளைக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கிறது. காற்று கடைசித் தள்ளைத்தான் கொடுக்கிறது. பிரிவதற்கான வேலையை மரமே முன்கூட்டிச் செய்து முடித்திருக்கும்.

விளக்கம் இவ்வளவு போதும், இதற்குமேல் நீட்டினால் பாடமாகிவிடும். கீழே விழுந்த இலை ஒன்றை நரம்புகள் புடைத்த அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அதன்மேல் தாளைப் பரப்பி, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். இலையின் அச்சு நரம்பு நரம்பாக எழும்பி வரும். காற்று வீசும் நாளாக இருந்தால், விழும் இலையைத் தரையைத் தொடுமுன் பிடிக்கும் விளையாட்டு ஒன்றே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

படி 6: மழை பெய்யும் வாரத்தில் வீட்டுக்குள்ளே செய்ய வேண்டியவை

ஆறு வாரத்தில் ஒரு வாரமாவது மழையில் போய்விடும். அதற்கெனச் சேர்த்து வைத்த இலைகளைச் செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளோடு நிறமிகளைப் பிரித்தும் பார்க்கலாம். பச்சை நீங்காத இலைகளைப் பொடியாக நறுக்கி, ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு, மூழ்கும் அளவுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றி மூடி, சூடான குழாய்த் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு காபி வடிதாளிலிருந்து வெட்டிய பட்டை ஒன்றின் நுனி மட்டும் அந்தத் திரவத்தில் படும்படி தொங்கவிட்டால், ஒரு மணி நேரத்தில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் தனித்தனிக் கோடுகள் ஏறியிருக்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், அதன் ஆவியும் நல்லதன்று; எனவே அடுப்பையோ மெழுகுவர்த்தியையோ அருகில் வைக்காமல், சன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவரே ஊற்றும் வேலையைச் செய்ய வேண்டும்.

படி 7: எச்சரிக்கைகளை வீட்டிலேயே பேசிவிடுங்கள்

நனைந்த இலைகள் பரவிய நடைபாதை பனிக்கட்டியைப் போல வழுக்கும். சாலையோரம் குவித்த இலைகளுக்குள் உடைந்த கண்ணாடியோ திறந்த வடிகாலோ இருக்கலாம் என்பதால், பூங்காவின் புல்வெளியில் நாமே குவித்த குவியலில் மட்டுமே குதிக்க அனுமதியுங்கள். பளபளப்பான பழுப்பு நிற ஹார்ஸ் செஸ்ட்நட் விதைகளைச் சேகரிக்கலாம், ஆனால் அவை உண்ணத் தக்கவை அல்ல. யூ மரத்தின் செந்நிறக் காய்க்குள் இருக்கும் விதை கொடிய நஞ்சு. காளான்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வட அமெரிக்காவில் இருப்பவர்கள், அழகாகச் சிவந்த மூவிலைக் கொடியைத் தொட வேண்டாமென்று சொல்லிவையுங்கள். அது நச்சுப்படர்கொடியாக இருக்கக்கூடும்.

படி 8: ஆறாம் வாரம்

பெரும்பாலும் மரம் மொட்டையாகியிருக்கும். இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் முகம் சுளிக்கக்கூடும், ஆனால் இந்த வாரத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். முதல் வாரப் படத்தையும் இன்றைய படத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்ட பிறகு, கம்பளி நூல் கட்டிய கொம்பின் அருகே குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். உதிர்ந்த இலை ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் ஒரு சிறு தழும்பு இருக்கும். அந்தத் தழும்புக்குச் சற்று மேலே விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் ஒரு புடைப்பு தட்டுப்படும். அது அடுத்த ஆண்டுக்கான மொட்டு. இலைகள் பச்சையாக இருந்த கோடையிலேயே உருவாகி, காம்பின் மறைவில் ஆறு வாரமாக நம் கண்ணெதிரே இருந்ததுதான். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தழும்பையும் மொட்டையும் வரையச் சொல்லி, நூலை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.