பழைய கல்யாண கேசட்டில் ஒருவரை மட்டும் தேடி எடுக்க

தக்கலையில் எங்கள் ஸ்டூடியோவுக்கு விஎச்எஸ் கேசட்டோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றுதான் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, இதில எங்க அப்பா வாற இடத்தை மட்டும் எடுத்துத் தாங்க." அப்பா காலமாகியிருப்பார். மகள் மஸ்கட்டிலோ துபாயிலோ இருப்பாள். லீவு முடிவதற்குள் வேண்டும் என்பாள். கேசட்டோ 180 நிமிஷம். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து முடித்தால் கண் எரியும், பாதி விட்டும் போகும். இந்தத் தேடலைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாம். சாதாரண லேப்டாப், பைத்தான் நிரல்மொழி, படங்களை அலசுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்சிவி போதும். 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கிய மென்பொருள் தொகுப்பு அது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமலும் ஓடும்.

முதலில் கேசட்டைத் திறந்து பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கேசட்டுகளில் கடல்காற்றின் ஈரத்தில் நாடா ஓரம் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். சுத்தம் செய்யாமல் பிளேயரில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்தவர் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அப்புறம் கேப்சர், அதாவது கேசட்டை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஃபைலாகப் பதிவது. நம் நாட்டில் பிஏஎல் (PAL) டிவி முறை என்பதால் விநாடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்), 576 வரி, இன்டர்லேஸ்டு, அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறிப் பதிவாகியிருக்கும். வந்த ஃபைலை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளை வைத்து அந்த வரிகளைச் சீராக்கிய (டீஇன்டர்லேஸ் செய்த) பிரதி ஒன்று எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஆள் அசையும்போதெல்லாம் முகம் சீப்புப் பல்லாகத் தெரியும், முகம் தேடும் நிரல் அதைக் கண்டுகொள்ளாது. படத்தின் அடிப்பக்கம் சில வரிகள் எப்போதும் கிழிந்து நடுங்கும். அது விஎச்எஸ் ஹெட் மாறும் இடம். அதையும் பக்கவாட்டுக் கறுப்பு ஓரங்களையும் வெட்டிவிடுங்கள்.

அடுத்தது ஷாட் பிரிப்பது, அதாவது கேமரா நிறுத்தாமல் எடுத்த ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பிரிப்பது. இதற்கு நிரல் கல்யாணத்தைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, நிறத்தைக் கணக்கிட்டால் போதும். ஒவ்வொரு ஃபிரேமையும் எச்எஸ்வி (நிறம், செறிவு, வெளிச்சம் என்று பிரிக்கும்) நிறமுறைக்கு மாற்றி, எந்த நிறம் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் எடுத்து, முந்தைய ஃபிரேமின் ஹிஸ்டோகிராமோடு ஒப்பிடுங்கள். பட்டாச்சாரியா தூரம் என்ற அளவு 0 முதல் 1 வரை வரும். சட்டென்று ஏறினால் அங்கே ஷாட் மாறியிருக்கிறது.

கல்யாண வீடியோவில் இதை ஏமாற்றும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, போட்டோக்காரரின் ஃபிளாஷ். தாலிகட்டு நேரத்தில் ஒரு நிமிஷத்துக்குள் எத்தனையோ முறை வெட்டும். அந்த ஒன்றிரண்டு ஃபிரேம் வெளுத்துப்போவதை நிரல் புது ஷாட் என்று எண்ணிவிடும். அதனால் பாய்ச்சல் வந்த இடத்துக்கு நாலைந்து ஃபிரேம் முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அது ஃபிளாஷ், தள்ளிவிடலாம். மற்றது, அந்தக் கால மிக்சிங். இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை மெல்லத் தோன்றுவார், தாமரை விரிந்து பெண் வருவாள். அடுத்தடுத்த ஃபிரேம்களில் வித்தியாசம் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் அரை விநாடி தள்ளி, அதாவது 12 ஃபிரேம் தள்ளியும் ஒப்பிட வேண்டும். எந்த எண்ணைத் தாண்டினால் வெட்டு என்பதை இணையத்தில் பார்த்து அப்படியே வைக்காதீர்கள். கேசட்டில் பத்து நிமிஷத்தை நீங்களே பார்த்து வெட்டுகளைக் குறித்துக்கொண்டு, அதோடு ஒத்துவரும் எண்ணை வையுங்கள். பந்தலில் வீடியோ லைட் போட்டு எடுத்த கல்யாணத்துக்கும், ஜன்னல் வெளிச்சத்தில் கோயிலுக்குள் எடுத்த கிறிஸ்தவக் கல்யாணத்துக்கும் அது நிச்சயம் வேறுபடும்.

இனி முகம். 180 நிமிஷத்தில் 2,70,000 ஃபிரேம் இருக்கும். எல்லாவற்றையும் தேட வேண்டாம். விநாடிக்கு ஐந்து போதும், 54,000 ஆகிவிடும். முகத்தைக் கண்டுபிடிக்க ஓப்பன்சிவியில் ஓடும் யூநெட் மாடல் நல்லது. முகத்தைச் சுற்றிக் கட்டமும், கண்கள், மூக்கு நுனி, வாயோரங்கள் என்று ஐந்து புள்ளிகளும் தரும். அந்தப் புள்ளிகளை வைத்து முகத்தை நேராக்கி எஸ்ஃபேஸ் மாடலுக்குக் கொடுத்தால் 128 எண்கள் கிடைக்கும். இரண்டு முகங்களின் எண்கள் எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பதுதான் அடையாளம் காண்பது.

அப்பாவின் மாதிரிப் படத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வீட்டுச் சுவரில் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தைக் கொண்டுவருவார்கள். அது பல வருஷம் கழித்து எடுத்ததாக இருக்கும், தலைமுடி நரைத்திருக்கும், கண்ணாடி போட்டிருப்பார். அதை வைத்துத் தேடினால் சரியாக வராது. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கன்னிகாதானம் நடக்கும் இடத்துக்கு ஓட்டுங்கள். அப்பா அங்கே கட்டாயம் இருப்பார். நேராகப் பார்க்கும் முகம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, குனிந்தது ஒன்று என்று கேசட்டிலிருந்தே ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். அதே கேமரா, அதே வெளிச்சம், அதே நாள்.

ஓப்பன்சிவி உதாரணத்தில் கொசைன் அளவு (இரண்டு முகங்களின் எண்கள் எவ்வளவு நெருக்கம் என்று சொல்வது) 0.363ஐத் தாண்டினால் ஒரே ஆள் என்று வைத்திருப்பார்கள். கேசட் படம் மங்கல் என்பதால் நான் 0.3 வரை இறக்கிவிடுவேன். சித்தப்பாவும் மாமாவும் சேர்ந்து வந்து விழுவார்கள், விழட்டும். தப்பாக வந்ததைக் கையால் எடுத்துப் போட ஒரு நொடி போதும், விட்டுப்போன அப்பாவை யாரும் தேடித் தர முடியாது. இன்னொன்று, ஒரு ஷாட்டுக்குள் தொடர்ந்து வரும் அதே முகத்தின் எண்களைச் சராசரி எடுத்து ஒப்பிடுங்கள். ஒற்றை ஃபிரேமை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

பந்தியில் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா உட்காரவே மாட்டார். அடைப்பிரதமன் பாயச வாளிக்குப் பின்னால், பப்படம் போடுகிறவருக்குப் பக்கத்தில், இலை இலையாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். முகம் 40 பிக்சல்கூட இருக்காது, நிரல் ஆளைச் சரியாக அடையாளம் காணாது. அதனால் பந்தி ஷாட்டுகளுக்கு மட்டும் அவருடைய சட்டை, தோளில் போடும் நேரியல் துண்டு இவற்றின் நிறத்தை வைத்துத் தனியாக ஒரு தேடல் ஓட்டுவேன். அன்று முழுக்க அதே உடைதானே. கிடைத்ததைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும், ஆனால் மகள்கள் அதிகம் அழுவது இந்த ஷாட்டுகளைப் பார்த்துத்தான்.

கிடைத்த இடங்களை மில்லிவிநாடியில் குறித்து வையுங்கள். கேப்சரில் ஃபிரேம் விட்டுப்போயிருந்தால் ஃபிரேம் எண் நகர்ந்துவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்னப் படம், பக்கத்தில் நேரம் என்று ஒரு தாள் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர்களே டிக் போட்டுத் தருவார்கள். வெட்டும்போது முழு ஷாட்டையும் விடுங்கள். முகம் தெரியும் விநாடியில் தொடங்கி மறையும் விநாடியில் நிறுத்தினால் அவர் நடந்து வருவதும் திரும்பிப் போவதும் போய்விடும்.

முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று ஏஐ மென்பொருள்கள் இப்போது நிறைய வருகின்றன. இந்த வேலைக்கு அவற்றைத் தொடாதீர்கள். விஎச்எஸ்ஸில் பதிவாகாத கண்ணிமையையும் பல் வரிசையையும் அவை தாமாக வரைந்து வைக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது அந்த மனிதருடைய முகம் இல்லை. இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து, நிறத்தைச் சரிசெய்து, அதோடு நிறுத்துங்கள்.

கொடுக்கும்போது வெட்டாத முழுக் கேசட் ஃபைலையும் சேர்த்தே கொடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்கும் முக எண்களை அன்றே அழித்துவிடுங்கள். தேடச் சொன்னது ஒருவரை, அந்த எண்களில் இருப்பதோ கல்யாணத்துக்கு வந்த ஊர்க்காரர்கள் எல்லாருடைய முகமும்.