தோற்ற சீசனை அலசும்போது: சிமுலேஷன் கூடைப்பந்து லீகில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிமுலேஷன் கூடைப்பந்து லீகில் ஆட்டத்தைக் கணினி நடத்துகிறது. ஒவ்வொரு வீரருக்கும் வேகம், உயரம், வீச்சு, தற்காப்பு என்று திறன் எண்கள் இருக்கும்; அவற்றையும் தற்செயலையும் கலந்து முடிவு பிறக்கும். வீரர்களை எடுப்பது, மாற்றிக்கொள்வது, சம்பளம் பேசுவது, ஆடும் நேரத்தைப் பிரிப்பது ஆகியவை மட்டுமே நம் கையில். 'பேஸ்கட்பால் ஜிஎம்' போன்ற இலவச விளையாட்டைத் தனியாக ஆடுகிறவர்கள் உண்டு. ஆளுக்கோர் அணியாக முப்பது பேர் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் நடத்தும் லீகுகளும் உண்டு.

இரண்டிலும் சீசனின் 82 ஆட்டங்கள் முடிந்து அணி பட்டியலின் அடியில் கிடக்கும்போது ஓர் அலசல் எழுதப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை தவறான எண்ணில் தொடங்கி, தவறான வீரரை வெளியேற்றச் சொல்லி முடிகின்றன. வென்ற அணியைப் பற்றிய அலசல் பிழையானால் பெரிய நட்டமில்லை. தோற்ற அணியின் அலசல் பிழையானால் அடுத்த மூன்று சீசன்கள் அதற்கு விலை கொடுக்கும்.

வெற்றி எண்ணிக்கையை உண்மையென்று எடுத்துக்கொள்வது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். "22 வெற்றி, 60 தோல்வி, ஆகவே படுமோசமான அணி" என்று அலசல் தொடங்கிவிடும். அந்த 22 என்ற எண்ணுக்குள் எவ்வளவு திறன், எவ்வளவு தற்செயல் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பிரிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பேஸ்பால் புள்ளியியலில் பில் ஜேம்ஸ் உருவாக்கிய சூத்திரத்தை டேரில் மோரி கூடைப்பந்துக்கு ஏற்றவாறு மாற்றினார். அணி எடுத்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் ஏறத்தாழ 14ஆம் அடுக்குக்கு உயர்த்தி, இரண்டின் கூட்டுத்தொகையில் முதலாவதன் பங்கு எவ்வளவு என்று பார்த்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். ஆட்டத்துக்கு 108 எடுத்து 113 கொடுத்த அணியை எடுத்துக்கொள்வோம். கணக்கு 0.347 என்று வருகிறது. 82 ஆட்டங்களில் 28 வெற்றிகள். அந்த அணி 22 மட்டும் வென்றிருந்தால், மிச்சம் ஆறும் பெரும்பாலும் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் கைவிட்டுப் போனவை. அவற்றுக்காக யாரையும் அணியை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. மறுபக்கமும் உண்டு: 28 வென்ற அணியின் புள்ளி வித்தியாசம் 22 வெற்றிக்குரியதாக இருந்தால், "அடுத்த ஆண்டு தேறிவிடுவோம்" என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லை.

இதோடு இன்னொரு கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 30 சதவீத வாய்ப்புள்ள அணிக்கு 82 ஆட்டங்களில் சராசரியாக 25 வெற்றிகள் சேரும். தற்செயல் மட்டுமே அதை நான்கு வெற்றி மேலும் கீழும் அசைக்கும். 21 வென்ற அணியும் 29 வென்ற அணியும் திறனில் அச்சாக ஒன்றாக இருக்கலாம். இரண்டு சீசன்களுக்கிடையே நான்கைந்து வெற்றி குறைந்ததை "சரிவு" என்று தலைப்பிட்டு அலசுவதில் பொருளில்லை.

சீசனை மறுபடி ஓட்டிப் பார்க்காமல் இருப்பது

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏயின் உண்மையான அணி மேலாளருக்கு ஒரு சீசன் ஒரே முறைதான் நடக்கும். தனியாக ஆடும் நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'பேஸ்கட்பால் ஜிஎம்' லீகைக் கணினிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ள விடுகிறது. சீசன் தொடங்கும் நாளின் நகல் கையிலிருந்தால், அதே வீரர்களோடு அதே சீசனை இருபது முறை ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் முடிவு வேறாக வரும். விளையாட்டுப் புள்ளியியலாளர் எவரும் ஏங்கும் வசதி இது. பலர் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இருபது ஓட்டங்களில் பெரும்பாலும் 19 முதல் 27 வெற்றிக்குள் விழுந்தால், அணி கட்டப்பட்ட விதத்திலேயே குறை இருக்கிறது. 18 முதல் 38 வரை பரந்து கிடந்தால் விசாரிக்க வேண்டியது வேறு. அநேகமாக ஓரிரு வீரர்களின் காயம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதன்மை வீரர் விழுந்தால் இடத்தை நிரப்ப ஆளில்லை. அப்போது அலசல் மாற்று வீரர்களைப் பற்றி இருக்க வேண்டும், முதல் ஐவரைப் பற்றி அல்ல.

மறுஓட்டம் காரணத்தைக் கண்டறிவதற்கு மட்டும். பிடித்த முடிவு வரும்வரை ஓட்டி, அதையே உண்மையான சீசனாக ஏற்றுக்கொள்வது ஆட்டத்தையே அழித்துவிடும். பலர் சேர்ந்து ஆடும் லீகில் இந்த வசதி கிடைப்பது அரிது. அங்கே புள்ளி வித்தியாசத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஆட்டத்துக்கான சராசரியோடு நின்றுவிடுவது

"நாங்கள் 110 புள்ளி எடுக்கிறோம், தாக்குதலில் குறையில்லை, தற்காப்புதான் மோசம்" என்ற வாக்கியம் அலசல்களில் அடிக்கடி வரும். வேகமாக ஆடும் அணி நிறைய எடுக்கும், நிறையக் கொடுக்கும். பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்று பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. அந்த வாய்ப்புகளின் எண்ணிக்கைக்கான வழக்கமான மதிப்பீடு: வீச்சு முயற்சிகளோடு ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் தடையற்ற வீச்சு) முயற்சிகளின் 0.44 பங்கையும் பந்து இழப்புகளையும் கூட்டி, தாக்குதல் ரீபவுண்டுகளை (தவறிய நம் வீச்சை நாமே மீட்டெடுப்பது) கழிப்பது. 101 வாய்ப்புகளில் 110 எடுத்த அணி நூற்றுக்கு 108.9 எடுக்கிறது. 92 வாய்ப்புகளில் 104 எடுத்த அணி நூற்றுக்கு 113 எடுக்கிறது. குறைவாக எடுத்ததாகத் தோன்றும் இரண்டாவது அணியின் தாக்குதல்தான் மேல்.

அடுத்து நான்கு காரணிகள். கூடைப்பந்துப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் வகுத்த இந்த முறையில் வீச்சின் தரத்துக்கு 40 சதவீத எடை, பந்து இழப்புக்கு 25, தாக்குதல் ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோ கோட்டுக்குச் செல்வதற்கு 15. வீச்சின் தரத்தைக் கணிக்கும்போது உள்ளே சென்ற மூன்று புள்ளி வீச்சை ஒன்றரையாக எண்ண வேண்டும். இந்த நான்கையும் நம் அணிக்கும் எதிரணிகளுக்குமாக எட்டு எண்களாக எழுதி, லீக் சராசரிக்குப் பக்கத்தில் வைத்தால், நோய் எங்கே என்று பாதி தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மோசமான அணி ஒரு ரகம். மூன்றில் சராசரியாகவும் பந்து இழப்பில் மட்டும் கடைசியாகவும் இருக்கும் அணி இன்னொரு ரகம். பின்னதற்குப் பந்தைக் கையாளத் தெரிந்த ஒருவர் போதும்.

ஓர் எச்சரிக்கை. எதிரணிகளின் ஃப்ரீ த்ரோ சதவீதம் உங்கள் அணிக்கு எதிராக உயர்ந்திருந்தால் அதற்குப் பொறுப்பாளி இல்லை. ஃப்ரீ த்ரோவை யாரும் தடுக்க முடியாது.

நட்சத்திர வீரர்மீது பழி

தோற்ற அணியில் 25 புள்ளி எடுக்கும் வீரர்தான் எப்போதும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறார். "அவர் இருந்தும் தோற்றோம், விற்றுவிடலாம்" என்பது தர்க்கம். நல்ல துணையில்லாத அணியில் அவர் கடினமான வீச்சுகளை எடுக்க நேர்கிறது, சதவீதம் இறங்குகிறது, இறங்கிய சதவீதமே அவருக்கு எதிரான சாட்சியாகிறது.

'பேஸ்கட்பால் ஜிஎம்' அணியின் மொத்த மதிப்பைக் கணிக்கும்போது சிறந்த பத்து வீரர்களை வரிசைப்படுத்தி, முதல்வருக்கு அதிக எடையும் அடுத்தடுத்தவர்களுக்குக் குறைந்துகொண்டே போகும் எடையும் தருகிறது. முதல்வரை விற்று அவருக்கு ஈடாக மூன்று நடுத்தர வீரர்களை வாங்கினால், ஆட்கள் எண்ணிக்கை கூடும், அணி இறங்கும். இதுபோக வீரர்களின் திறன்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கும் கணக்கில் இடமுண்டு: மூன்று புள்ளி வீச்சாளர், பந்தைக் கையாள்பவர், கூடையருகே தற்காப்பவர் என்று அடையாளங்கள் இருக்கின்றன. ஒரே அடையாளத்தோடு ஐந்து பேரைச் சேர்த்த அணி, தனித்தனி எண்களைக் கூட்டினால் வரும் பலத்துக்கு ஆடாது. அலசலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நான்காம், ஐந்தாம், ஆறாம் இடங்களில் ஆடியவர்கள் வேறு எந்த அணியிலாவது அந்த நிமிடங்களைப் பெற்றிருப்பார்களா?

உண்மை உலகில் என்பிஏ அணியான டெட்ராய்ட் பிஸ்டன்ஸைப் பாருங்கள். 2023–24 சீசனில் அந்த அணி தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்று, 14 வெற்றி, 68 தோல்வியோடு முடித்தது. அணியின் நட்சத்திரமான கேட் கன்னிங்காமை விற்கச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவரை வைத்துக்கொண்டார்கள். ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் பயிற்சியாளராக வந்தார்; டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று வெளியிலிருந்து வீசத் தெரிந்த அனுபவசாலிகள் வந்தார்கள். 2024–25இல் 44 வெற்றி, 38 தோல்வி. பிளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்று) இடமும் கிடைத்தது. நடுவே கன்னிங்காம் புது மனிதராகிவிடவில்லை. அவரைச் சுற்றி இடம் திறந்தது.

இன்று தெரிந்ததை வைத்து அன்றைய முடிவை எடைபோடுவது

சிமுலேஷனில் இளம் வீரர்களின் வளர்ச்சி பெருமளவு தற்செயல். 'பேஸ்கட்பால் ஜிஎம்' விளையாட்டில் பிளேஆஃப் முடிந்ததும் எல்லாருடைய எண்களும் மாறும். 19 வயது வீரருக்கு அந்த மாற்றம் எந்தப் பக்கமும் பெரிதாக இருக்கும். டிராஃப்டுக்கு (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வரும் வீரர்களின் எண்கள் திரைமேல் சற்று மங்கலாகவே காட்டப்படும். உண்மை எண் அதற்கு மேலோ கீழோ இருக்கலாம். ஆகவே, "அந்த ஆண்டு ஆறாவதாக அவரை எடுத்தது முட்டாள்தனம், ஒன்பதாவதாகப் போனவர் இன்று நட்சத்திரம்" என்று எழுதுவது நியாயமல்ல. அன்றைக்குத் திரையில் என்ன தெரிந்தது என்பதுதான் அளவுகோல். நல்ல முடிவு கெட்ட பலன் தரலாம். அதைத் தவறென்று பதிவுசெய்தால், அடுத்த முறை நல்ல முடிவையே தவிர்ப்போம்.

பலர் சேர்ந்து ஆடும் லீகில் இது மரியாதை சார்ந்த விஷயமும் ஆகிறது. நடுவில் யாரோ விட்டுப்போன அணியை எடுத்துக்கொண்டவர், நான்கு ஆண்டு நீளும் கனத்த ஒப்பந்தங்களையும் விற்கப்பட்டுவிட்ட டிராஃப்ட் உரிமைகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். தோற்கும் அணியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீரர்களும் தயங்குவார்கள்; அணியின் ஆட்டம், ஊரின் அளவு, வசதிகள் எல்லாம் அவர்கள் மனநிலையில் சேர்கின்றன. வசதிகளுக்குச் செலவழித்தாலும் பலன் தெரியச் சில சீசன்கள் ஆகும். இப்படிப்பட்டவரின் முதல் சீசனை, பத்து ஆண்டு ஒரே கையில் இருக்கும் அணியோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறவர்கள் ஒரு நல்ல ஆட்டக்காரரை லீகை விட்டே அனுப்பிவிடுகிறார்கள். அவர் எதைப் பெற்றுக்கொண்டார், எதை மாற்ற முடிந்தது என்ற இரண்டையும் அலசலின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.

சீசனை ஒரே துண்டாகப் பார்ப்பதும் தவறு. பிப்ரவரியில் மூன்று பேரை விற்ற அணி அதற்குப் பின் வேறோர் அணி. விற்பனைக்கு முன், பின் என்று புள்ளி வித்தியாசத்தைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

டிராஃப்ட் காப்பாற்றும் என்று முடிப்பது

அலசலின் கடைசி வரி பெரும்பாலும் "முதல் தேர்வு கிடைக்கும், எல்லாம் மாறும்" என்பதாக இருக்கும். தேர்வு வரிசையின் முதல் இடங்களைக் குலுக்கலில் தீர்மானிக்கும் என்பிஏயில் 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பு தலா 14 சதவீதம் என்று ஆக்கினார்கள். பல சிமுலேஷன்களும் இதே முறையைப் பின்பற்றின. இந்த முறையில் கடைசி அணி ஐந்தாம் தேர்வுக்குச் சரிய ஏறத்தாழ 48 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பிஸ்டன்ஸ் 2023, 2024 இரண்டு ஆண்டும் கடைசியாக முடித்து, இரண்டு முறையும் ஐந்தாம் தேர்வையே பெற்றது. பழைய முறையிலும் உறுதி இருந்ததில்லை. 2011–12இல் 66 ஆட்டங்களில் ஏழு மட்டும் வென்ற சார்லட் பாப்கேட்ஸுக்கு 25 சதவீத வாய்ப்பு இருந்தும், முதல் தேர்வு நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. அந்த ஆண்டின் முதல் தேர்வான ஆண்டனி டேவிஸ் அங்கே போனார்.

ஆகவே அலசலை ஐந்தாம் தேர்வு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். அதற்குமேல் கிடைப்பது வரவு.

கடைசியாக, அலசலில் சொல்லும் காரணத்தைச் சோதிக்கக்கூடிய கணிப்பாக எழுதி வைக்க வேண்டும். "எங்கள் நோய் பந்து இழப்பு, புதிய கார்டு (பந்தைக் கையாளும் வீரர்) வந்தபின் அது நூறு வாய்ப்புக்கு 16இலிருந்து 14க்கு இறங்கும்" என்பது போல. புதிய சீசனில் 20 ஆட்டங்கள் முடிந்ததும் அந்த எண்ணை எடுத்துப் பாருங்கள். வெற்றிப் பட்டியல் அவ்வளவு சீக்கிரம் எதையும் சொல்லாது, பந்து இழப்பு விகிதம் சொல்லத் தொடங்கிவிடும். மூன்று புள்ளி வீச்சின் சதவீதத்துக்கு அரை சீசனாவது காத்திருக்க வேண்டும்.