வெட்டிவேர்: சக்கையை முதலில் யோசியுங்கள்

வெட்டிவேர் எண்ணெய் எடுக்கப் போகிறேன் என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "சக்கையை என்ன செய்வீர்கள்?" என்பதுதான். எங்கள் கடலூர்க் கடலோர மணலில் விளைந்த காய்ந்த வேர் 100 கிலோவை வாலையில், அதாவது நீராவியால் எண்ணெய் இறக்கும் கலத்தில், ஏற்றினால், 1 கிலோ எண்ணெய் இறங்குவதே நல்ல ஈடு. மீதியெல்லாம் சக்கை.

நட்டு 12 மாதத்தில் தூரைத் தோண்டியதும் மேலே உள்ள புல் தாளை ஒரு சாண் விட்டு அறுத்துவிடுங்கள். அறுத்த தாள் மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்கு. வேரை நீக்கிப் பிரித்த தூர் அடுத்த நடவுக்கு. வேர் கழுவிய சேற்று நீரையும் வயலுக்கே திருப்புங்கள், அதில் போவது உங்கள் மண்.

தரம் பிரிப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். முழ நீளத்துக்கு மேற்பட்ட வேர் விசிறிக்கும் தட்டிக்கும் மாலைக்கும். அறுந்ததும் குட்டையும்தான் வாலைக்கு. முதல் வருடம் எண்ணெய் ஆசையில் எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கிவிட்டேன். விசிறி பின்னும் அத்தை ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.

நறுக்கிய வேரை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரோடு ஏற்றுங்கள். 18 மணி நேரமாவது நீராவி ஓட வேண்டும். நான் ஒருமுறை விறகை மிச்சம் பிடிக்க 8 மணி நேரத்திலேயே அணைத்தேன். மணத்தைப் பிடித்து நிறுத்தும் கனமான பகுதி கடைசியில்தான் வருகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திதான். அதனால் கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் மூழ்கும், பிரிய அடம்பிடிக்கும். குளிர்விக்கும் நீரைச் சில்லென்று வைக்காமல் வெதுவெதுப்பாக ஓடவிட்டால் குழாயில் ஒட்டாமல் இறங்கும். எண்ணெய் பிரித்த நீரைக் கொட்டாதீர்கள். அதில் இன்னும் எண்ணெய் கரைந்திருக்கிறது. அடுத்த ஈட்டில் ஊற்றிவிடுங்கள். புது எண்ணெயில் பச்சை வாடை அடிக்கும். நிறப் புட்டியில் சில மாதம் மூடி வையுங்கள்.

சக்கையை அன்றே பரப்பிக் காயவையுங்கள், குவித்தால் பூசணம். மெல்லிய மணம் இன்னும் மிச்சமிருக்கும், துணிப் பையில் அடைத்து அலமாரிக்கு விற்கிறேன். நார் குளியலுக்கு. அதற்கும் ஆகாதது அடுத்த ஈட்டின் அடுப்புக்குப் போகிறது, சாம்பல் தூர் நடும் குழிக்கு.