ஷெட்யூலா, ஸ்கெட்ஜூலா? காதை வைத்தே தீர்க்க ஒரு செய்முறை

பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கும் எங்கள் ஆபீஸில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருக்கிறான். காலை மீட்டிங் முடிந்ததும் வந்து நின்றான். "அக்கா, மேனேஜர் ஷெட்யூல்ங்கிறார், கிளையன்ட் ஸ்கெட்ஜூல்ங்கிறாங்க. நான் எதைச் சொல்றது?" அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். ஒரு போன், இயர்போன், நோட்டு போதும்.

படி 1: உறுத்திய சொற்களைக் குறித்து வையுங்கள்

ஒரு வாரம், காதில் எப்படி விழுந்ததோ அப்படியே தமிழ் எழுத்தில். தம்பியின் பட்டியல்: ஷெட்யூல், ரௌட்டர், ரெசிப்ட், டெவலப், ஹோட்டல்.

படி 2: அகராதியில் கேளுங்கள்

கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதி இலவசம். சொல்லைத் தேடினால் யூ.கே., யூ.எஸ். என்று இரண்டு ஸ்பீக்கர் படங்கள் வரும். இரண்டையும் அழுத்திக் கேளுங்கள்.

படி 3: பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்

இதைச் செய்தாலே பாதி பயம் போய்விடும். ஏதாவது ஒரு பட்டனில் நீங்கள் சொல்வதுபோல் கேட்டால், அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ஷெட்யூல் பிரிட்டிஷ் வழக்கு. கிரேக்க மூலத்தைப் பார்த்து 'ஸ்கெ' என்றே சொல்லலாம் என்றவர் அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர்; அவருடைய பெரிய அகராதி 1828-இல் வந்தது. இன்று பிரிட்டனிலேயே இளையவர்கள் பலர் 'ஸ்கெ' என்கிறார்கள். ரௌட்டரும் இப்படித்தான்: அமெரிக்காவில் ரௌட்டர், பிரிட்டனில் ரூட்டர். நம் ஊரில் வைஃபை பெட்டிக்கு ரௌட்டர் என்று சொல்லும் அதே வாய், பஸ்ஸுக்கு ரூட் என்கிறது. யாருக்கும் புரியாமல் போனதில்லை.

எந்தப் பட்டனிலும் அப்படி வரவில்லையா? அதைத்தான் திருத்த வேண்டும். ரெசிப்ட் என்று எங்குமே கேட்காது, ரிசீட்தான். கடனுக்கான சொல்லும் 'டெப்ட்' இல்லை, 'டெட்'. அதில் பி எழுத்து முதலில் இல்லவே இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் செருகியது. வாய் அதைச் சட்டை செய்யவில்லை.

படி 4: எங்கே ஊன்றுகிறார்கள் என்று பாருங்கள்

எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் எதிராளி "என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் இதுதான் காரணம். அகராதியில் உச்சரிப்புக் குறிகளுக்கு நடுவே, மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு அடுத்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். 'டி-வெ-லப்' என்றால் நடு அசை, 'ஹோ-டெல்' என்றால் கடைசி அசை. நமக்கு முதலசையில் ஊன்றித்தான் பழக்கம். பக்கத்து சீட் கன்னடக்காரருக்கும் அதே பழக்கம், அதனால் இங்கே யாரும் திருத்த மாட்டார்கள்.

நானே பட்டிருக்கிறேன். ஒரு போன் காலில் 'ஈவன்ட்' என்று முதலில் ஊன்றிச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கம் இருந்த பெண்மணி, "ஈவன்... அப்புறம்?" என்று காத்திருந்தார். இரண்டாம் அசையில் ஊன்றி, 'இ-வென்ட்' என்ற பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

(அல்சூரில் இட்லி சாப்பிடப் போகும்போது ஹோட்டல் ஹோட்டலாகவே இருக்கட்டும். அது தமிழ்ச் சொல்லாகி நாளாயிற்று.)

படி 5: உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள்

தனிச் சொல்லாக வேண்டாம், ஆபீஸில் நீங்கள் நிஜமாகச் சொல்லும் ஒரு முழு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். பிறகு அகராதிப் பட்டனையும் உங்கள் பதிவையும் மாற்றி மாற்றி மூன்று முறை கேளுங்கள். முதல் நாள் உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது. எல்லாருக்கும் அப்படித்தான்.

தம்பி நேற்று ராத்திரி தன் பதிவை அனுப்பினான். ரிசீட் பக்கா. டெவலப்பில் இன்னும் 'டெ'யில்தான் ஊன்றுகிறான், அதற்குப் பின்னால் குக்கர் விசில் வேறு.