மருந்துக்குக் கேட்காத கிருமி: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி என்றதும் ஐசியு, வென்டிலேட்டர் என்று பெரிய ஆஸ்பத்திரிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். முதல் தவறே அதுதான். 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில் டெல்லியின் குழாய்த் தண்ணீரையும் தெருவோரம் தேங்கிக் கிடந்த நீரையும் சோதித்தார்கள். குழாய் மாதிரிகள் 50-இல் 2, தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51 என என்டிஎம்-1 ஜீன் சிக்கியது. வேறு மருந்து எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கையில் எடுக்கும் கார்பாபெனம் ஊசியையே செல்லாக்காசாக்குகிற ஜீன் அது.

சரி, மருந்துக்கே சாகாததை நாம் என்ன செய்துவிட முடியும் என்று கையை விரிப்பது அடுத்த தவறு. மருந்தைத் தாங்குகிற கிருமிக்கு நெருப்பைத் தாங்கத் தெரியாது, தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சாதாரணக் கிருமியோடு சேர்ந்து இதுவும் காலி. ஆனால் காய்ச்சிய தண்ணீரைக் கழுவாத குடத்தில் ஊற்றி, ஆளாளுக்கு விரலோடு டம்ளரை முக்கி மொண்டால், கேஸ் செலவானதுதான் மிச்சம்.

கோழிக்கறியைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதை மட்டும் நம் ஆட்களிடம் நிறுத்தச் சொல்லவே முடியாது, மஞ்சள் உப்பு போட்டு நாலு தண்ணீர் அலசாவிட்டால் எங்கள் வீட்டிலேயே சண்டை வரும். அலசித்தான் ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, தெறிக்காமல் அலசுங்கள். கிருமியோடு தெறிக்கிற துளி பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்தில் விழும்; கறி வெந்துவிடும், பச்சை வெங்காயம் வேகாது. அதே கத்தியால் வெள்ளரி நறுக்குவதும் இதே கதைதான். கோழி, மீன் வளர்ப்பில் கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தை மத்திய அரசு 2019-இல் தடை செய்தது, அதுவரை கொழுக்க வைக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அப்படி மருந்துக்குப் பழகிய கிருமி கறியோடு வீட்டுக்கும் வரலாம். நாட்டுக்கோழிக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களும் கத்தியைக் கழுவத்தான் வேண்டும்.

இத்தனையிலும் பெரிய தவறு மெடிக்கல் ஷாப்பில் நடக்கிறது. ரெண்டு தடவை வயிற்றால் போனதும் 'லூஸ் மோஷனுக்கு ஒரு ஸ்ட்ரிப் குடுங்க' என்று கேட்டு, நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மாத்திரையை வாங்கிப் போடுகிறோம். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் போதும், குழந்தைகளுக்குக் கூடவே ஜிங்க். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போட்டால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் சாகும், அடங்காதவை அந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். ஒரு தொந்தரவும் தெரியாது, அப்புறம் எப்போதோ சிறுநீர்த் தொற்றாகக் கிளம்பும்போது வழக்கமான மாத்திரை கேட்காமல் போகலாம். அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

டைபாய்டு என்று சந்தேகம் வந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) அனுப்பலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரெண்டு நாள் மருந்து போட்டபின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாமலே போய்விடும்.