பேஸ்பாலில் 'லீட்ஆஃப்' யார்?

பேஸ்பால் வர்ணனையில் 'லீட்ஆஃப்' என்று காதில் விழுந்தால், கூடவே இன்னிங்ஸ் எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அந்த இன்னிங்ஸில் முதலில் மட்டை பிடிப்பவர். வராவிட்டால், பெரும்பாலும் அணியின் ஒன்பது பேர் வரிசையில் முதல் ஆள்.

காரணம், வரிசை ஒவ்வொரு இன்னிங்ஸிலும் புதிதாகத் தொடங்காது. விட்ட இடத்திலிருந்தே தொடரும். போன இன்னிங்ஸ் ஐந்தாமவர் ஆட்டமிழந்து முடிந்திருந்தால், அடுத்ததில் ஆறாமவர்தான் லீட்ஆஃப். கிரிக்கெட் பழக்கத்தில் ஓப்பனரைத் தேடாதீர்கள்! ஆனால் இன்னிங்ஸ் எண் இல்லாமல், அமெரிக்க வீரர் ரிக்கி ஹெண்டர்சனின் 81 லீட்ஆஃப் ஹோம் ரன்கள் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடிகள்) என்றால், எல்லாமே ஆட்டத்தில் தன் அணியின் முதல் ஆளாக இறங்கி அடித்தவை.

வெறும் 'லீட்' என்றால் இது பொருந்தாது. அது ஓட்டக்காரர் பேஸை (ஓடும்போது தொட வேண்டிய இடத்தை) விட்டுச் சற்றுத் தள்ளி நிற்பதாகவோ, அணி ரன்னில் முந்தியிருப்பதாகவோ இருக்கும்.