சாய்ந்த வெல்ஷ் காப் நிமிர்ந்த விதம்

சிங்கப்பூரின் தெம்பனிஸில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கண்ணாடி அலமாரியில் மாலை வெயில் நேராக விழுவதால், பிவிசி பிளாஸ்டிக்கால் ஆன என் வெல்ஷ் காப் குதிரைப் பொம்மையின் முன்னங்கால் வளைந்து, அது மூக்குக் குப்புறச் சாயத் தொடங்கியது. உண்மைக் குதிரை 137 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து, தடித்த கழுத்தும் உறுதியான கால்களுமாகக் கம்பீரமாக நிற்கும் இனம் என்பதால், பொம்மையை அப்படியே விட மனம் வரவில்லை.

கொதித்துச் சற்று ஆறிய வெந்நீரில் அந்தக் காலை மட்டும் அமிழ்த்தி, அது இளகியதும் துணியால் பிடித்து, நேர்நிலையைச் சற்றே தாண்டும்படி எதிர்ப்புறம் வளைத்து, உடனே பனிக்கட்டி நீரில் முக்கி, இறுகும்வரை பிடியைத் தளர்த்தாமல் வைத்திருந்தேன். குளம்பின் மேல் தொங்கும் மயிர்க்கற்றையின் விளிம்பில் வண்ணம் எளிதில் உரிந்துவிடும். அவ்விடத்தை அழுத்தவே கூடாது. வெயில் மீண்டும் பட்டால் கால் மறுபடியும் வளையும் என்பதால், அலமாரியை உள்சுவருக்கு மாற்றிவிட்டேன்.